பக்கத்து வயலைப் பார்த்துக் கற்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 1943-இல் வெளியான அந்த ஆய்வின்படி, புது விதையைப் பற்றி விவசாயிகள் பெரும்பாலும் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். விதைத்துப் பார்க்கும் துணிச்சலைத் தந்ததோ அண்டை நிலத்துக்காரர். காலநிலைக்கு உகந்த சாகுபடி முறைகளும் இப்படித்தான் கைமாறுகின்றன. சிக்கல் என்னவென்றால், அரைகுறைச் செய்தியும் இதே வழியாகத்தான் வருகிறது, இதே நம்பிக்கையோடு வருகிறது.

முதல் தவறு, கண்ணில் பட்டதை மட்டும் எடுத்துக்கொள்வது. நெல்லில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையைப் பாருங்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிரிகள், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை வெளியிடும். அவ்வப்போது நீர் வடிந்தால் அது குறைகிறது, பாசன நீரும் மிச்சமாகிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது ‘வயலைக் காயவிடுகிறார்’ என்பது மட்டுமே. எவ்வளவு காயவிடுகிறார் என்பது மண்ணுக்குள் இருக்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் அளவு இது: துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். குழாய் இல்லாமல் கண்மதிப்பில் செய்பவர் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காத்திருப்பார். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் நீர் நிற்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கதிர் பதராகும். பிறகு அந்த முறையே மோசம் என்ற பேச்சு, முறையைவிட வேகமாக ஊரைச் சுற்றி வரும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் கணக்கில்லாமல் இட்டுவிட்டு வயலை நனைப்பதும் உலர்த்துவதுமாக இருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இதில் போய்விடும். ஆகவே நீர் மேலாண்மையைக் கற்றுக்கொள்ளப் போகிறவர் பயிர் வளரும்போது இடும் மேலுரம் எப்போது, எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேட்டு வர வேண்டும். “என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள், எந்த நேரத்தில் செய்யாமல் விட்டீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

வைக்கோலிலும் இதே கதைதான். ‘எரிக்காதே, மடக்கி உழு’ என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீர் கட்டுவதற்குச் சற்று முன்பு புது வைக்கோலை மடக்கி உழுதால் மீத்தேன் கூடும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. அறுவடை முடிந்த கையோடு, வயல் காய்ந்திருக்கும்போதே உழுது மட்கவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். மட்காத வைக்கோல் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்து வைத்துக்கொள்வதால் இளம்பயிர் வெளிறும். பலர் அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாக யூரியா போடுகிறார்கள்.

அடுத்த தவறு யாரிடம் கற்பது என்பதில். கூட்டம் என்றால் எல்லோரும் ‘முன்னோடி விவசாயி’யின் பண்ணைக்கே போகிறார்கள். நிலமும் சொந்த மோட்டாரும் இருப்பவர் ஒரு போகம் தோற்றாலும் தாங்கிக்கொள்வார். குத்தகை நிலத்தில் கடனோடு பயிர் செய்பவர் அதைப் பார்த்து, ‘அவருக்கு முடியும்’ என்று நினைத்துத் திரும்புவதில் வியப்பில்லை. ஆப்பிரிக்க நாடான மலாவியில் குழி நடவையும் கம்போஸ்ட்டையும் பரப்ப நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. தங்களைப் போன்ற நிலையில் இருப்பவர் சொன்னதையே விவசாயிகள் அதிகம் ஏற்றார்கள். சாதாரண விவசாயிகளுக்குச் சிறு ஊக்கத்தொகை கிடைத்தபோது அவர்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுப்பதும் உழைப்புதானே, அதை ஏன் இலவசமாக எதிர்பார்க்க வேண்டும்?

வரப்பில் நிற்க வேண்டிய இன்னொருவரும் விடுபடுகிறார். நடவும் களையெடுப்பும் பல இடங்களில் பெண்களின் வேலை. திருந்திய நெல் சாகுபடியில் இளம் நாற்றை ஒற்றையாக, சதுரமாக நட வேண்டும். பாடம் கேட்க வருவதோ நில உரிமையாளர். நடுகிற கைக்குக் காரணம் தெரியாவிட்டால் பழைய வழக்கப்படிதான் நடும்.

எல்லாவற்றையும் ஒரே போகத்தில், முழு நிலத்திலும் மாற்றுவது ஆர்வக்கோளாறு. ரகம், இடைவெளி, உரம், நீர் நான்கையும் சேர்த்து மாற்றினால் விளைச்சல் கூடியதற்கு எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது. நல்ல மழை ஆண்டாக இருந்தால் இன்னும் குழப்பம். 1989-இல் இந்தோனேசியாவில், புகையான் பூச்சியால் நெல் அழிந்த அனுபவத்துக்குப் பின் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இதை எளிமையாகக் கையாண்டன. பழைய முறையில் ஒரு பாத்தி, புது முறையில் ஒரு பாத்தி. வாரந்தோறும் விவசாயிகளே இறங்கிப் பூச்சிகளை எண்ணி, பயிரை அளந்து, வரைந்து, விவாதித்தார்கள். ஒப்பிட ஒரு பாத்தி கூட விடாதவரின் வெற்றிக் கதையைப் பாதியாகக் குறைத்தே கேட்க வேண்டும் என்பேன்.

தோல்வியை மறைப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கூட்டத்தின் முதல் பேச்சாளராக நட்டப்பட்டவரை அழைத்தாலே போதும்.

சில முறைகளைத் தனியாளாகச் செய்யவே முடியாது. ஒரே வாய்க்காலில் பத்துப் பேர் பாசனம் செய்யும்போது, மேல்மடைக்காரர் வழிய வழிய விட்டால் கீழ் வயல் காயாது. முறைத்தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர் கையிலிருக்கும் நீரை வடிக்கவும் துணியமாட்டார். இங்கே வயல் பார்வைக்கு முன்னால் நடக்க வேண்டியது, மதகு திறக்கும் நாள்களை முடிவு செய்கிறவர்களோடு ஒரு பேச்சுவார்த்தை.