பெர்ரி மேசன் முந்துவதற்குள் கொலையாளியை நாம் பிடிப்பது எப்படி

கோர்ட்டில் யாரோ ஒருவர் படாரென்று எழுந்து "நான்தான் கொன்றேன்" என்று கதறும்போது "அட, இந்த ஆளா!" என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு சுகம்தான். ஆனால் பத்து எபிசோட் அப்படிப் பார்த்துவிட்டால் கொஞ்சம் ரோஷம் வரும். அந்த வக்கீலுக்குத் தெரிந்தது நமக்கும் கண்ணெதிரே காட்டப்பட்டதுதானே, நமக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை? அந்த ரோஷத்தில் நான் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறேன் இப்போதெல்லாம், மீதிக்கு இன்னும் வாயைப் பிளக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ரேமண்ட் பர் வக்கீல் பெர்ரி மேசனாக நடித்த இந்தத் தொடர் அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் 1957 செப்டம்பரில் தொடங்கி 1966 மே வரை ஓடியது, மொத்தம் 271 எபிசோட், கதை நடப்பது லாஸ் ஏஞ்சலிஸில். ஒன்றே ஒன்று கலரில் எடுத்தார்கள், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

முதலில் எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். முழு எபிசோட் ஏறக்குறைய 52 நிமிடம் இருக்கும். மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று அங்கங்கே வெட்டிய பிரதிகளும் சுற்றுகின்றன, அதில் போவது பெரும்பாலும் "சும்மா பேசிக்கொள்ளும்" சீன்கள்தான், ஆனால் துப்பு ஒளிந்திருப்பதும் அதே சும்மா பேச்சில்தான். நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துபோனால் நீங்கள் தோற்றதாகக் கணக்கில் எழுதவேண்டாம். அப்புறம் டிவியில் படத்தை இழுத்து அகலமாக்கும் செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். இது அந்தக் காலத்து நாலுக்கு மூன்று சட்டகத்துக்காக எடுத்தது, இழுத்தால் முகமெல்லாம் சப்பையாகிவிடும், ஜூம் செய்தால் மேசையின் ஓரத்தில் இருக்கும் சாமான் வெட்டுப்பட்டுப் போகும். அந்தச் சாமான் கொலை ஆயுதமாக இருந்தால்?

முதல் பதினைந்து நிமிடம்தான் எல்லாம். மேசன் தலைகாட்டுவதற்கு முன்னாலேயே நான்கைந்து பேரை வரிசையாகக் காட்டிவிடுவார்கள், எல்லோருக்கும் கோட்டு, எல்லோருக்கும் தொப்பி, பெயர்கள் காற்றில் பறக்கும். எழுதிக்கொள்ளுங்கள். பெயர், யாருக்கு என்ன உறவு, யாருக்கு யாரிடம் பணம் வரவேண்டும், இவ்வளவு போதும். யார் சாகப்போகிறார் என்பதை ஊகிப்பது சுலபம்: எவரிடம் எல்லோரும் போய்ச் சண்டை போடுகிறார்களோ, எவர் ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் மிரட்டுகிறாரோ, அவர்தான். பாவம், அவருக்கு ஆயுள் இருபது நிமிடம்.

சரி, நோட்டில் எழுதிய பெயர்களில் யாரைக் கோடு போட்டு அடிப்பது? மேசனின் கட்சிக்காரரை முதலில் அடித்துவிடுங்கள், அவர் கொன்றிருக்கமாட்டார். (இந்த விதி கொஞ்சம் ஆட்டம் காணும் ஒரு எபிசோட் உண்டு, பெயரைச் சொன்னால் கெட்டுவிடும்.) உள்ளே வந்ததும் கத்துகிறவர், "அவனைக் கொல்லாமல் விடமாட்டேன்" என்று நாலு பேர் காதுபட சபதம் போடுகிறவர், இவர்களையும் தாராளமாக அடிக்கலாம். நீங்கள் வைத்துக்கொள்ளவேண்டியது, எல்லோருக்கும் உதவியாக இருக்கிற, அதிகம் பேசாத, ஆனால் காரணமே இல்லாமல் இரண்டு சீனில் வந்துபோகிற ஆள். கதைக்குத் தேவையில்லாத ஒருவருக்கு இரண்டு சீன் கொடுக்க அவர்களிடம் நேரம் கிடையாது. இதே கணக்கு பொருள்களுக்கும் பொருந்தும். ஒரு சாவி, ஒரு கைக்கடிகாரம், ஒரு தீப்பெட்டி தனியாக க்ளோசப்பில் வந்தால் அதற்காக ஒருவர் விளக்கு வைத்து, காமிராவை நகர்த்தி, தனி ஷாட் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். சும்மா எடுக்கமாட்டார்கள்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம், 'தி கேஸ் ஆஃப் தி ரெஸ்ட்லெஸ் ரெட்ஹெட்'. தலைப்பிலேயே செம்பட்டைமுடிப் பெண், திரையில் பார்த்தால் சாம்பல் நிறம், நம்பித்தான் ஆகவேண்டும். எவலின் பேக்பி என்கிற அந்தப் பெண்ணின் சிகரெட் பெட்டிக்குள் ஒரு ரிவால்வர் இருக்கிறது, அவள் வைத்ததில்லை. பயந்துபோய்க் காரில் கிளம்பினால் இருட்டில் இன்னொரு கார் துரத்துகிறது, ஓட்டுகிறவன் தலையில் தலையணை உறை. அவள் அதே ரிவால்வரால் சுடுகிறாள். பிறகு ஒருவன் செத்துக் கிடக்கிறான், பழி அவள் மேல். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். நான் நோட்டில் எழுதியது மூன்றே கேள்வி. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போக முடிந்தது யாருக்கு? அவள் அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று வைத்தார்களா, கண்டுபிடிக்கமாட்டாள் என்று வைத்தார்களா? உறை போட்ட முகத்தை அவள் பார்க்கவில்லையே, அப்படியிருக்க துரத்தியவனும் செத்தவனும் ஒரே ஆள் என்று யார் சொன்னது? விடை சொல்லப்போவதில்லை, ஆனால் நாம் எதையெல்லாம் யாரும் சொல்லாமலே "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நடுவில் வரும் விசாரணைப் பகுதியில் நான் கொஞ்சம் தளர்ந்துதான் உட்காருவேன். துப்பறிவாளர் பால் டிரேக் தனக்கே உரிய தட்டலோடு பின்கதவு வழியாக வந்து தகவல் கொட்டுவார், மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட் குறிப்பெடுப்பார், போலீஸ் லெப்டினென்ட் டிராக் தொப்பியோடு வந்து கட்சிக்காரரைக் கைது செய்வார். இங்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: யார் எந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். கோர்ட்டில் அதே ஆள் அதே விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார், அல்லது போலீஸ் இன்னும் வெளியே விடாத ஒன்று அவர் வாயில் வந்துவிடும். எத்தனையோ கொலைகாரர்கள் மாட்டியது இந்த ஒரு வாய்தவறலில்தான்.

கோர்ட் சீனுக்கு வந்தால் ஒரு விஷயம் புரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலான எபிசோடுகளில் நாம் பார்ப்பது முழு விசாரணை அல்ல, பூர்வாங்க விசாரணை. கலிபோர்னியா சட்டப்படி, இந்த வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு நீதிபதி மட்டும் பார்க்கிற கட்டம் அது. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, கிடையாது. எடுப்பவர்களுக்கும் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிற வேலை மிச்சம். நிஜத்தில் இந்தக் கட்டத்தில் கொலையாளியைக் கூண்டிலேற்றிக் கதறவைப்பதெல்லாம் நடக்கிற காரியமா, ஆனால் நமக்கு அது வசதி. குற்றவாளி அநேகமாக அந்த அறைக்குள்தான் இருக்கிறார், கூண்டில் இல்லாவிட்டால் பார்வையாளர் பெஞ்சில். ஆகவே அரசுத் தரப்பு வக்கீல் ஹாமில்டன் பர்கர் ஆட்சேபணை எழுப்பும்போது பர்கரைப் பார்க்காதீர்கள், பின்னால் இருக்கும் முகங்களைப் பாருங்கள். சாட்சி ஒன்றைச் சொன்னதும் காமிரா பெஞ்சில் யார் முகத்துக்குத் தாவுகிறது, எத்தனை தடவை தாவுகிறது என்று எண்ணுங்கள். கறுப்பு வெள்ளையில் வியர்வை நன்றாகத் தெரியும்.

மேசன் குறுக்கு விசாரணையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சாட்சிக்குக் கிட்டப் போகிறாரா, அதுதான் கடைசி எல்லை. நிறுத்துங்கள், பெயரை எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். காரணம் எழுதாமல் பெயர் மட்டும் சரியாக வந்தால் எங்கள் வீட்டில் அரை மார்க்தான். தீர்ப்பு வந்ததும் அணைத்துவிட்டு எழுந்துபோகவும் கூடாது, கடைசியில் டெல்லாவும் டிரேக்கும் "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கிற இரண்டு நிமிடத்தில்தான் விடைத்தாள் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அந்தத் துப்பு வந்த சீனுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சில நேரம் அவர்கள் ஏமாற்றியிருப்பார்கள், நமக்குக் காட்டவே காட்டாத ஒன்றை வைத்து முடித்திருப்பார்கள். அப்போது புள்ளி உங்களுக்கு.

எதில் தொடங்குவது என்றால், முதல் சீசனில் பல கதைகள் பெர்ரி மேசனைப் படைத்த எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்களிலிருந்து வந்தவை, அவரே வக்கீலாக இருந்தவர் என்பதால் முடிச்சு கொஞ்சம் கூடுதலாக இறுகியிருக்கும். திணறினால் பிந்திய சீசன்களில் பழகிவிட்டு வாருங்கள். 1963-ல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அது ஜூரி மேசனின் கட்சிக்காரரைக் குற்றவாளி என்று சொல்வதிலிருந்தே தொடங்குகிறது, மற்ற எபிசோடுகளின் தாளம் மனதில் ஊறிய பிறகு பார்த்தால்தான் அந்த அடி விழும். 1966 மேயில் வந்த கடைசி எபிசோடையும் கடைசிக்கே வையுங்கள், அதில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கார்ட்னரேதான்.