கடை யார் பேரில் இருக்கிறது?

என் வீட்டுக்காரர் தவறிப் பதினேழாம் நாள் கடையைத் திறந்தோம். திண்டுக்கல்லில் தெருமுனை மளிகைக் கடை. முதலில் வந்தவர் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தார். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லா மேலிருந்த பெட்டி கத்தியது. பணம் போனது செத்துப்போன மனுஷனின் கணக்குக்கு. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். எண்ணெய் ஏஜென்சிக்கு அவர் பின்தேதியிட்டுக் கொடுத்திருந்த செக்கும் திரும்பி வந்தது.

வீடு, நிலம் இருந்தால்தான் உயில் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நிலம் ஆறு மாதம் சும்மா கிடக்கும். கடை ஆறு நாள் மூடிக் கிடந்தால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும். அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

கடை ஒருவர் பேரில் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் கடையும் அவரும் ஒன்றுதான். ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில் இருக்கிறது. அது மனைவிக்கோ மகனுக்கோ தானாக மாறாது. நடத்தப்போகிற வாரிசு 30 நாளுக்குள் தன் பான் எண்ணில் புதுப் பதிவு கேட்க வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் உரிமையாளர் இறப்பு என்று குறிக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டியது) ஐடிசி-02 படிவத்தில் புதுப் பதிவுக்கு மாற்றலாம். ஆடிட்டர் சான்று வேண்டும். வரிசையைக் கவனியுங்கள்: வரவை மாற்றிய பிறகுதான் பழைய பதிவை ரத்து செய்ய மனுப்போட வேண்டும். எனக்கு ஓடிபி எல்லாம் அவர் போனுக்கே வந்தது. அதன் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. வரி அலுவலகத்தில் சான்றிதழ்களைக் காட்டி வாரிசை அந்தப் பதிவுக்குக் கையொப்பமிடுபவராகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது ஒரு மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமம் மட்டும் கொஞ்சம் இரக்கம் உள்ளது, வாரிசுக்கு 90 நாள் செல்லும். அதற்குள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஏடிஎம் அட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். சொந்தக்காரர்களே பிறகு அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

நாமினி நான்தான், அதனால் பணமெல்லாம் எனக்கு என்று இருந்தேன். நாமினி வாங்கி வைப்பவர், வாரிசுகள்தான் உடைமைக்காரர்கள். 2023-ல் கம்பெனிப் பங்குகள் (ஷேர்) பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அதற்காக நாமினி போடாமல் விடாதீர்கள். போட்டிருந்தால் வங்கி கோர்ட் காகிதம் கேட்டு இழுக்காது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம்.

உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவர் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. தாய் என்ற சொல்லில்தான் பல வீடுகளில் இடி விழும். எங்கள் வீட்டில் நாலு பங்கு: நான், மகன், மகள், அவருடைய அம்மாவான என் அத்தை. தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழிலும் அத்தை பேர் இருந்தது. "எனக்கு எதுக்குத்தா கடை? காலையில காப்பி குடு, போதும்" என்று சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைத்தார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. கிறிஸ்தவர்களுக்கு விதி வேறு. முஸ்லிம்கள், மற்ற வாரிசுகள் ஒப்பினால் தவிர, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

அந்த வருஷமே என் உயிலை எழுதினேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, நான் பதிந்தேன், பின்னால் "இது அம்மா கையெழுத்தே இல்லை" என்று யாரும் கிளம்பக்கூடாது என்பதற்காக. நான் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, என் முன்னால் அவர்களும் போட வேண்டும். முதலில் பெரியப்பாவைத்தான் கேட்கப் போனேன். வக்கீலம்மா தடுத்தார்: "அவருக்கு எழுபத்தெட்டு. நாளைக்கு வழக்குன்னு வந்தா கோர்ட்டுல வந்து சொல்ல ஒரு சாட்சியாவது உயிரோட இருக்கணும்." உயிலில் பங்கு பெறுகிறவரும் வேண்டாம் என்றார். பக்கத்து தையல்கடைத் தம்பியும் மகளின் தோழியும் போட்டார்கள்.

"கடையை மகனுக்கு" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். சரக்கு, கடைப் பேர், வெளியில் நிற்கும் பாக்கி, கட்டட உரிமையாளரிடம் கிடக்கும் முன்பணம், தராசு, பிரிட்ஜ் என்று பிரித்தெழுதுங்கள். கடையை நாலாகப் பிளக்காதீர்கள். நடத்தப்போகிறவருக்குக் கடை, மற்றவருக்கு வீடோ வைப்புத்தொகையோ.

"உயில் எதுக்கு, இப்பவே செட்டில்மென்ட் எழுதிக் குடுங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பேர் மாற்றித் தரும் பத்திரம் அது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது, ஆசையாக இருக்கும். ஆனால் உயிலை நாளைக்கே கிழித்து மாற்றலாம், செட்டில்மென்ட் கையை விட்டுப் போனது போனதுதான். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து கேட்க வலு இருக்கும்.

அண்ணன் தம்பி கூட்டாக நடத்துகிறீர்களா? 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். இருப்பதே இரண்டு பேர் என்றால் எழுதி வைத்தாலும் மிச்சமிருக்கும் ஒருவர் கூட்டாண்மை ஆக முடியாது. இறந்தவர் பங்கை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் அவர் குடும்பத்துக்குத் தருவது என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், அண்ணி முகம் பார்த்துப் பேச முடிகிற நாளில்.

கடன் இருக்கும் வியாபாரிகளுக்கு இன்னொன்று. ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால், அந்தத் தொகையைக் கடன்காரர் தொட முடியாது, மனைவி மக்களுக்குத்தான். எடுத்த பாலிசியைப் பிறகு அப்படி மாற்ற முடியாது.

கடைசியாக, பற்று நோட்டு. வர வேண்டிய பாக்கியும் சொத்துதான், கேட்டு வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. எங்கள் நோட்டில் இருந்ததெல்லாம் அவருக்கு மட்டும் புரிகிற பேர்கள்: "பச்சை வீடு 2,340", "பஸ் டிரைவர் தம்பி 610". இப்போது நான் முழுப் பேரும் போன் நம்பரும் எழுதி, மாதக் கடைசியில் மகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். அவர் எழுதினதில் "கண்ணாடி அக்கா 870" என்று ஒரு வரி. கண்ணாடி போட்டு வருகிறவர்களையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.