சின்ன சிங்கிள் அக்‌ஷன் பிஸ்டலைப் பொக்கட்டில் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி

தற்பாதுகாப்புக்கென்று பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரத்தோடு பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மலையகத்தில் அதிகம் பேர் இல்லை. மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர், அடகுக் கடைக்காரர், ஓரிரு தோட்ட முகாமையாளர், அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை அதில் பாதிப் பேர் அதை ஜெக்கட் பொக்கட்டில் உறை இல்லாமல், சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். விற்கிற இடத்திலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நானே பழகித் தெரிந்துகொண்டதைப் புதிதாக வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் இது உங்களுக்கான விஷயமே இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது, பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பிஸ்டல் வெளியே போனால் பத்திரமும் கூடப் போகவேண்டும், நனையாத பிளாஸ்டிக் உறையில்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

சிங்கிள் அக்‌ஷனில் ஹேமர் (ரவையை வெடிக்கவைக்கிற சுத்தியல்) ஏற்கெனவே பின்னால் ஏறி நிற்கும், விசை (விரலால் இழுக்கிற டிரிகர்) அதை விடுவிக்க மட்டும்தான். அதனால் விசை குறுகிய தூரமே நகரும், இழுக்கப் பெரிய பலமும் தேவையில்லை. பிரச்சினை எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

என்னுடையது பெரெட்டா 950, 6.35 மில்லிமீட்டர் ரவை போடுவது, வெறுமையாக 280 கிராம் அளவில்தான் இருக்கும். கொஞ்சம் புதிய வகை வேண்டுமென்றால் சிக் சவர் பி238 நல்லது. கனம் கூட, 430 கிராமுக்குக் கிட்ட வரும், ஆனால் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டு) போட்டபடியே ஸ்லைடை (மேலே பின்னால் நகர்கிற பாகம்) இழுக்கலாம், அதாவது ரவையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேஃப்டியை எடுக்கத் தேவையில்லை. சின்ன பிஸ்டலில் இது பெரிய வசதி. பழைய கோல்ட் வெஸ்ட் பொக்கட், பேபி பிரவுனிங் போன்றவற்றில் ஹேமரே கிடையாது, உள்ளே ஏறி நிற்கிற ஊசிதான் ரவையைத் தட்டும், அது வெளியே தெரியவே தெரியாது. அப்படிப்பட்டதைச் சேம்பரில் (குழாயின் பின்முனையில் ரவை உட்காருகிற அறை) ரவையோடு பொக்கட்டில் போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சேம்பரில் ரவை வேண்டுமா?

ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, சேம்பரில் ரவையோடு கொண்டுபோகலாம், பி238 அப்படிக் கொண்டுபோகவே செய்யப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. இறுக்கமான உறையில், இடுப்பில், நல்ல பயிற்சியோடு என்றால் சரி. பொக்கட்டில் வேண்டாம். சின்ன பிஸ்டலின் சேஃப்டியும் சின்னது, துணி உரசி இறங்கிவிடலாம், கைப்பிடிச் சேஃப்டி (பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் விடுபடுவது) இந்த அளவில் பெரும்பாலும் இருப்பதில்லை. மெகசினில் (ரவைகளை அடுக்குகிற கூடு) ரவை, சேம்பர் வெறுமை, ஹேமர் கீழே. நம்ம ஊரில் சன நெரிசலான பஸ்ஸிலும் சந்தையிலும் போய்வருகிறவருக்கு இதுதான் சரி.

இன்னொரு வழியும் சொல்வார்கள்: சேம்பரில் ரவை இருக்கும்போதே ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி மெதுவாகக் கீழே விடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். பி238இன் ஹேமர் ஒரு நகத்தளவு, நுவரெலியாவில் டிசம்பர் விடியலில் விறைத்த விரலுக்கு அது பிடிபடாது, வழுக்கினால் வெடிதான். ஹேமரை இறக்குவதென்றால் சேம்பர் வெறுமை என்று கண்ணால் பார்த்த பிறகுதான். ஹேமரைப் பாதி ஏறிய நிலையில் நிறுத்தி வைப்பதையும் நான் பாதுகாப்பு என்று கணக்கெடுப்பதில்லை.

ரவையை இறக்குவது: நின்று நிதானமாக வாசியுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சாதாரண பிஸ்டலில் ஒழுங்கு இப்படி: குழாய் வாய் ஆளில்லாத பக்கம், விரல் விசைக்கு வெளியே, முதலில் மெகசினைக் கழற்று, பிறகு ஸ்லைடை இழு, பிறகு சேம்பரைப் பார். ஒழுங்கு மாறினால், அதாவது மெகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால், ஒன்று வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். கீழே விழுந்த ரவையைப் பார்த்துவிட்டு "வெறுமையாகிவிட்டது" என்று நம்பி, பிறகு மெகசினைக் கழற்றி வைத்துவிட்டு இருப்பார்கள், சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

பெரெட்டா 950இல் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. அதில் ரவையைப் பிடித்து இழுக்கிற கொக்கியே கிடையாது. சுடும்போது வெற்றுக்கோது வாயு அழுத்தத்தால் தானாகப் பின்னால் தள்ளப்படும், ஆனால் சுடாத ரவையைத் தள்ள எதுவும் இல்லை. மெகசினைக் கழற்றிவிட்டு ஸ்லைடைப் பத்துத் தரம் இழுத்தாலும் அந்த ரவை அங்கேயே இருக்கும், அதோடு ஒவ்வொரு இழுப்புக்கும் ஹேமர் ஏறி நிற்கும். எதுவும் விழவில்லை, எனவே ஒன்றும் இல்லை என்று நினைத்து விசையைத் தட்டிப் பார்த்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சரியான வழி: இடது பக்கம் உள்ள சின்ன நெம்பை அழுத்துங்கள், குழாயின் பின்பக்கம் மேலே எழும்பும், ரவையை நகத்தால் எடுங்கள், துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குழாய் திறந்தபடியே ஹேமரை இறக்கலாம், முன்னால் ரவை இல்லாததால் கை வழுக்கினாலும் பயமில்லை.

உறை

பொக்கட் உறைக்கு மூன்று வேலை. விசைப் பகுதியை முழுதாக மூடவேண்டும், பிஸ்டலை ஒரே நிலையில் நிறுத்தவேண்டும், பிஸ்டலை எடுக்கும்போது உறை பொக்கட்டிலேயே தங்கவேண்டும். துவண்டுபோகிற மெல்லிய துணி உறைக்குக் காசு கொடுக்காதீர்கள், விசையை வெளியிலிருந்தே அமத்தலாம். தோல் உறை கைக்கு இதமானதுதான், ஆனால் நம் மழையிலும் மூடுபனியிலும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இரவு முழுக்க அதிலேயே விட்டால் காலையில் ஸ்லைடில் துரு. நான் கைடெக்ஸ் (ஒருவகைக் கடினமான பிளாஸ்டிக்) பக்கம். கடினம், நனையாது, துடைத்தால் போதும்.

அந்தப் பொக்கட்டில் வேறு எதுவும் கூடாது. சாவி, பேனா, டொபி, ஒன்றும் கூடாது. காற்சட்டைப் பொக்கட்டைத் தையற்காரரிடம் கொடுத்து உள்ளே தடித்த டிரில் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் ஆழமாக.

திரும்ப வைக்கும்போது பொக்கட்டுக்குள் இருக்கிற உறைக்குள் பிஸ்டலைச் செருகவேண்டாம், அது உங்கள் தொடையை நோக்கித்தான் போகும். உறையை வெளியே எடுங்கள், உடம்புக்கு அப்பால் பிடித்து உள்ளே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பொக்கட்டில் போடுங்கள்.

ஜெக்கட்

மலையில் எல்லாரும் ஜெக்கட் போடுவதால் அதன் பொக்கட்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மழை ஜெக்கட்டின் கயிற்று நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும், அது உறையின் வாய்க்குள் போய் விசையில் மாட்டலாம். பிஸ்டலைக் காற்சட்டைப் பொக்கட்டில் வைத்தாலும் ஜெக்கட்டின் இடுப்புக் கயிற்றை வெட்டிவிடுங்கள். அடுத்தது, நுவரெலியாவில் குளிருக்குப் போட்ட ஜெக்கட்டை கம்பளைக்கு இறங்குவதற்குள் கழற்றி மடியில் போடுவோம், இல்லையென்றால் சீட்டுக்கு மேல் தட்டில் எறிவோம். கழற்றிய நிமிடத்திலிருந்து பிஸ்டல் உங்களிடம் இல்லை. குழாய் வாய் யாரைப் பார்க்கிறது என்றும் தெரியாது. ரம்பொடை வளைவுகளில் அந்த ஜெக்கட் அடுத்த சீட்டுக்காரரின் காலடியில்தான் போய் விழும்.

வீட்டில், கோவிலில்

திருவிழாவுக்கு, கல்யாண வீட்டுக்கு, குடிக்கப்போகிற இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். கோவிலில் சட்டையைக் கழற்றி வேட்டியோடு நிற்கிறவர் எங்கே வைப்பார்? இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள், ரவை வேறிடத்தில், சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். வாரம் ஒருமுறை மெகசினைக் கழற்றிப் பொக்கட் பஞ்சையும் தூசியையும் துலக்கி, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு. டபிள்யூ.டி. 40 அடிக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, அது காய்ந்து பிசுபிசுக்கும், ரவைக்குள் ஊறினால் மருந்தும் கெடும்.

பின்சேர்க்கை

2024 நவம்பரில் தற்பாதுகாப்புத் துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது, எப்படிக் கொண்டுபோவது என்று பலர் கேட்டார்கள். பொக்கட்டில் வேண்டாம். வீட்டிலேயே ரவையை இறக்கி, இன்னொருவரையும் சேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டல் ஒரு பெட்டியில், மெகசினும் ரவையும் வேறு பையில், பத்திரம் கையில். போன இடத்தில் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், திறக்கிற வேலையை அதிகாரி கேட்ட பிறகு செய்யுங்கள். பெரெட்டா 950 என்றால் குழாயைத் திறந்தபடியே கொடுங்கள், கொக்கி இல்லாத விஷயம் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.