தமிழ் எழுதப் பழக்குதல்: வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலர், விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்த கையோடு, மறுநாளே நோட்டில் உயிரெழுத்துகளை வரிசையாக எழுதச் சொல்லிவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பழக அகரவரிசையைவிட நல்ல வரிசை இல்லை. கைக்கு அது ஏற்ற வரிசை அன்று. சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிற்கும் கோடு ஆகிய நான்கும் 'அ' என்ற ஒரே எழுத்தில் வந்துவிடுகின்றன. 'இ' அதைவிடச் சிக்கலானது. ஆகவே சொல்வதற்கு ஒரு வரிசையும் எழுதுவதற்கு வேறொரு வரிசையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சிலைக் கொடுப்பதற்கு முன் விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். சப்பாத்தி மாவை உருட்டுவது, பட்டாணி உரிப்பது, வாசலில் புள்ளிகளைச் சுற்றிக் கோலக் கம்பியை வளைப்பது எல்லாம் எழுத்துப் பயிற்சியே. சிக்குக் கோலத்தில் வளைந்து திரும்பிய கைக்குப் பின்னாளில் 'ஒ', 'ஞ' போன்றவை எளிதாக வசப்படும். அடுத்து சிலேட்டும் பல்பமும். நீளமான பல்பத்தை ஒடித்து, ஒரு அங்குலத் துண்டாகக் கொடுங்கள். துண்டு சிறியதாக இருந்தால் முழுக் கையாலும் பற்ற இடமில்லாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே சேர்ந்து பிடிக்கும்.

எழுத்துகளை 'ட', 'ப', 'ம' என்று தொடங்கலாம். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, இதுதான் 'ட'. அதையே மேல்நோக்கி நீட்டினால் 'ப'. இம்மூன்றையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் கற்ற அன்றே குழந்தை படம், மடம், பட்டம் என்று பொருளுள்ள சொற்களை எழுதிவிடும். பிறகு ர, க, ச, த சேர்ந்தால் மரம், சக்கரம், கட்டம். துணைக்கால் வந்தால் காகம், தாத்தா. எழுதியதைத் தானே படித்துப் பொருள் காணும் மகிழ்ச்சி, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

உயிர்மெய் 216 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை குறிகளைச் சேர்ப்பதால் வருபவை. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் ஒலியில் பின்னே வரும் உயிரின் குறி எழுத்தில் முன்னே நிற்பதால், குழந்தை முதலில் தடுமாறும். சொல்லை மெதுவாக உச்சரித்து, எழுத்தட்டைகளை இடம் மாற்றி வைத்துக் காட்டினால் அது விரைவில் விளங்கும். உண்மையில் உழைப்பைக் கேட்பது உகர வரிசைதான். அதை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள்: ஙு, சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும், கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் அது சுற்றி வளையும், ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் அடியில் மடங்கி வலப்பக்கம் ஏறும். தாத்தா பாட்டி 'லை', 'னை' போன்றவற்றைக் கொம்பு வைத்த பழைய வடிவில் எழுதுவதைப் பார்த்துக் குழந்தை கேட்டால், 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்லுங்கள். அது தவறு என்று சொல்லிவிடாதீர்கள்.

ண, ன, ந குழப்பத்துக்கு டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களே மருந்து. வண்டு, கன்று, பந்து என்று எழுதிக் காட்டினால், டகரத்துக்கு முன் 'ண்', றகரத்துக்கு முன் 'ன்', தகரத்துக்கு முன் 'ந்' வருவதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது சொற்றொடர் எழுதும் கட்டத்தைப் பற்றியது. தமிழ்க் குழந்தை பேசும் மொழி ஒன்று, எழுத வேண்டிய மொழி வேறு. "நேத்து மழ பேஞ்சுச்சு, நாங்க கப்பல் விட்டோம்" என்று உற்சாகமாகச் சொல்லும் பிள்ளையை முதல் சொல்லிலேயே நிறுத்தி, "நேற்று என்று சொல்" என்று திருத்தினால், அது சொல்ல வந்ததையே மறந்துவிடும். சில நாளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றும் நினைக்கத் தொடங்கும். எனவே குழந்தை சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் நீங்கள் எழுதிப் படித்துக் காட்டுங்கள். பிறகு அதன் கீழே "நேற்று மழை பெய்தது. நாங்கள் கப்பல் விட்டோம்" என்று எழுதி, இரண்டையும் அருகருகே வைத்து, எந்தச் சொற்கள் மாறின, எவை மாறவில்லை என்று குழந்தையையே தேடச் சொல்லுங்கள். 'கப்பல்', 'விட்டோம்' இரண்டும் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது எழுத்துமொழி அந்நியமானது என்ற அச்சம் குறைகிறது. 'வீட்ல' என்பது 'வீட்டில்' ஆவதையும், 'வந்தாங்க' என்பது 'வந்தார்கள்' ஆவதையும் இப்படித்தான் என் மகள் கற்றாள். இலக்கண விதி எதுவும் நான் சொல்லவில்லை.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு, ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் காணப்படுவதே என்பதால், அதற்காகக் கண்டிக்க வேண்டாம். சிவப்பு மையால் எல்லாப் பிழைகளையும் சுழிக்காமல், அந்த வாரம் சொல்லித்தந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நன்றாக அமைந்த ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டிய பிறகு அதைத் திருத்துங்கள். மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.