பெருந்தொற்றுச் செலவுக் கணக்கு: ரசீது இல்லாததெல்லாம் எங்கே போகிறது?

கொரோனா பெருந்தொற்றால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு செலவானது என்று எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது ரசீது ஃபைல். முகக்கவசம், கையுறை, கிருமிநாசினி என்று கூட்டிக் கோடு போட்டுவிடுவார்கள். ரசீதே இல்லாத செலவுதான் பெரும்பாலும் பெரிய செலவு.

பலரும் சறுக்கும் இடம், நோயாளி வராததை மிச்சம் என்று எழுதுவது. புறநோயாளிகள் குறைகிறார்கள், மாத்திரை இருப்பு அப்படியே கிடக்கிறது, ஒதுக்கிய பணம் மீந்திருக்கிறது. பார்க்க லாபம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பிபி மாத்திரை வாங்க வராமல் நின்றவர் குணமாகி நிற்கவில்லையே! பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்தச் செலவு வேறொருவர் கணக்கில், வேறொரு வருடத்தில் ஏறும். காசநோயில் இது எண்ணாகவே தெரிந்தது. உலக அளவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 2019-இல் 71 லட்சம், 2020-இல் 58 லட்சம். குறைந்தது நோய் அல்ல, கண்டுபிடிப்பு. அந்த வருடம் காசநோய்ச் சாவுகள் கூடத்தான் செய்தன. விட்டுப்போன தடுப்பூசியும் அப்படித்தான்: முகாமுக்கு வந்திருக்க வேண்டிய குழந்தையை அப்புறம் வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும்.

நோயாளிக்கு இவ்வளவு என்று பணம் வரும் கிளினிக்குகளில் இதே சரிவு வேறு மாதிரி அடித்தது. வரவு நின்றது, சம்பளமும் வாடகையும் நிற்கவில்லை. அதனால் பணம் வரும் வழியைப் பார்க்காமல் ஒரு நிலையத்தின் கணக்கை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

அடுத்தது நேரம். வாசலில் காய்ச்சல் பார்ப்பது, நாற்காலியைத் துடைப்பது, கையுறை மாற்றுவது எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். 60 பேர் வந்தால் 5 மணி நேரம். ஒரு செவிலியரின் பாதி நாளுக்கும் மேல் போய்விட்டது, ஆனால் அதற்கு ரசீது கிடையாது.

விலையில் ஒரு பொறி இருக்கிறது. 2020 மார்ச் தொடக்கத்திலேயே அறுவை முகக்கவசத்தின் விலை 6 மடங்கு ஏறிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதை வைத்து அடுத்த தொற்றுக்குத் திட்டமிட்டால் தொகை ஊதிப்போகும், பழைய விலையை வைத்தால் பற்றாது. எந்த மாதத்து விலை என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

நன்கொடையாக வந்த பொருளுக்குச் செலவு 0 என்று போடுவதும் வழக்கம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா வந்ததுதான், சரி. வடிகட்டி மாற்ற வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் என்ற துகள்கள் ஈரத்தில் கெடும். ஓட்டாமல் மூலையில் மூடிவைத்தாலும் கெடும். கொரோனாவுக்கான உலக சுகாதார அவசரநிலை 2023 மே 5-இல் முடிந்தது என்று கணக்கையும் அன்றே மூடியவர்களுக்கு, அந்த இயந்திரத்தின் பழுதுச் சீட்டு எந்தத் தலைப்பின் கீழும் அடங்காமல் வந்து நிற்கும்.