இலங்கைச் சுற்றுலா: எந்தெந்த ஊரில் அறை எடுப்பது?

முதல் முறை குடும்பத்தோடு இலங்கைக்குப் போனபோது ஐந்து இரவுகளுக்கும் கொழும்பிலேயே அறை எடுத்திருந்தேன். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும் ஏற்பாடு. வண்ணார்பேட்டையில் வீட்டை வைத்துக்கொண்டு, காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி விடுகிறோம். திருச்செந்தூரோ, பாபநாசமோ, கன்னியாகுமரியோ, எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம். அந்தக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோனது என் தவறு. மலைநகரமான நுவரெலியாவுக்குப் போன நாளில் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பினோம். மலையில் இருந்தது நான்கு மணி நேரம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா, றம்பொடை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே வந்தார்கள். இரு பக்கமும் இருந்த தேயிலைத் தோட்டம் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த முறை போவதற்கு முன் உட்கார்ந்து கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடவுச்சீட்டு, விசா, விமானச்சீட்டு ஆகியவற்றை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: மாதத்தை வைத்துத் தீவின் பக்கத்தைத் தீர்மானியுங்கள்

விடுதிகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் விழும்போது பாளையங்கோட்டையில் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இலங்கையின் மழையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை செய்வதை அங்கே நடுவிலுள்ள மலைநாடு செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளில் மழையைக் கொட்டுகிறது, கடலும் கொந்தளிப்பாக இருக்கிறது. அதே மாதங்களில் மலைக்கு அப்பாலுள்ள திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா கரைகள் வெயிலோடு, குளிக்கத் தகுந்த கடலோடு இருக்கின்றன. டிசம்பரில் இது தலைகீழாக மாறி, வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நனைக்க, தெற்குக் கரையிலுள்ள காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் தெளிந்துவிடுகிறது.

நம் பள்ளி விடுமுறைகளோடு பொருத்தினால் இது எளிதாகிவிடும். மே மாதக் கோடை விடுமுறையில் போகிறவர்கள் கிழக்குக் கரையையும், அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் தெற்கு, மேற்குக் கரைகளையும் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் தீவின் எந்தப் பக்கத்திலும் மழைக்கு வாய்ப்புண்டு என்பதால், கடற்கரைக்காகவே போகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கை எழுதுங்கள்

நான் தவறியது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இலங்கையின் பரப்பு சுமார் 65,610 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதி. வரைபடத்தில் சிறியதாகத் தெரிவதால், எங்கிருந்தும் எங்கும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். காலி ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காலிக்கு 2011இல் திறந்த தெற்கு அதிவேக நெடுஞ்சாலை இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கண்டிக்கோ ஊர்களுக்குள் நெரிசலில் நின்று, கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏறிப் போய்ச்சேர மூன்றரை மணி நேரம் பிடிக்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் இரண்டரை மணி நேரம் வேண்டும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

இதற்கென்று பயணத் திட்டம் போட்டுத்தரும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அவை கூடுதலாக ஓர் ஊரைச் சேர்க்கவே முயல்கின்றன. கூகுள் மேப்ஸும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் போதும். பார்க்க விரும்பும் ஊர்களை மேலே இடமிருந்து வலமாகவும், அதே ஊர்களைப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகவும் எழுதி, இரண்டு ஊர்கள் சந்திக்கும் கட்டத்தில் பயண நேரத்தை மட்டும் குறியுங்கள். மேப்ஸில் புறப்படும் நேரத்தைக் காலை எட்டு மணி என்று மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் வீட்டிலிருந்து பார்த்தால் வெறிச்சோடிய சாலையின் நேரத்தைக் காட்டிவிடும். மலைப்பாதைகளுக்கு, அது காட்டும் நேரத்தோடு நான் அரை மணி நேரம் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டங்களை நிரப்பி முடித்ததும், ஒன்றுக்கொன்று இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர்கள் தாமாகவே கூட்டமாகச் சேர்ந்து தெரியும். பாறைக் கோட்டை இருக்கும் சிகிரியாவும் குகைக் கோயில் இருக்கும் தம்புள்ளையும் ஒரு கூட்டம்; காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ இன்னொரு கூட்டம். கூட்டத்துக்கு ஓர் ஊரில் அறை எடுத்தால் போதும்.

மூன்றாம் படி: தங்குமிடங்களின் எண்ணிக்கை

ஏழு இரவுகளுக்கு மூன்று ஊர்கள் என்பதே என் கணக்கு. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே அரை நாள் போய்விடுவதால், ஒரே ஓர் இரவுக்கு அறை எடுப்பதைத் தவிர்க்கிறேன். ஜனவரிப் பயணத்தில் சிகிரியா பக்கம் இரண்டு இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு, காலி பக்கம் மூன்று இரவு என்று பிரித்தோம். மே முதல் செப்டம்பர் வரை என்றால் காலிக்குப் பதிலாகத் திருகோணமலையை வைத்து, கண்டியிலிருந்து சிகிரியா வழியாக அங்கே போகலாம். சம்பந்தர் பாடிய கோணேசுவரம் சிவன் கோயில் அங்கே இருப்பதால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நிறைவாக இருக்கும். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை மட்டும் நீர்கொழும்பில் வையுங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்பு நகரத்துக்குள் இல்லை, நீர்கொழும்புக்குத்தான் அருகில் இருக்கிறது.

நான்காம் படி: ஊருக்குள் எந்த இடம்

தெற்குக் கரையில் விடுதியின் படங்களை மட்டும் பார்த்துப் பணம் கட்டாமல், மேப்ஸின் செயற்கைக்கோள் காட்சியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொழும்பிலிருந்து காலி வரை ரயில் பாதையும் காலி வீதியும் கரையை ஒட்டியே ஓடுகின்றன. விடுதிக்கும் கடலுக்கும் நடுவே இவற்றில் எது வருகிறது என்று தெரிந்துகொண்டால், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி. மலைப்பகுதியில் பார்க்க வேண்டியது படிக்கட்டு. எல்ல, கண்டி ஆகிய ஊர்களில் பல விடுதிகள் சரிவில் கட்டப்பட்டவை. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஏசி தேவையில்லை; வெந்நீரும் கனத்த கம்பளியும் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

விருந்தினர்களின் கருத்துகளில் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். விலையில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேன் அமர்த்திப் போகிறவர்கள், ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்பதை அறை எடுக்கும்போதே கேட்க வேண்டும். நாள் முழுதும் மலைப்பாதையில் நம்மைக் கொண்டுபோகிறவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பாளையங்கோட்டை வாசகி ஒருவர், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த ஊர் வசதி என்று கேட்டிருந்தார். கொழும்பில் என்றால் வெள்ளவத்தையில் தங்கலாம். தமிழர்கள் நிறைந்த பகுதி, சைவ உணவகங்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மற்ற ஊர்களில் விடுதியில் காலை உணவு எடுப்பவர்கள் தேங்காய்ச் சம்பலைக் கவனிக்க வேண்டும். சிவப்பாக உதிர்த்த தேங்காய்க்கு நடுவே பழுப்பு நிறத்தில் சிறு சிராய்கள் போலத் தெரிபவை மாசிக் கருவாட்டுத் துண்டுகள். முதல் நாள் இரவே, மாசி சேர்க்காமல் வேண்டும் என்று சொல்லிவிட்டால் தனியாக அரைத்துத் தருகிறார்கள்.

இன்னொருவர் விமானத்துக்குப் பதிலாகக் கப்பலில் போவதைப் பற்றிக் கேட்டார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. அதில் போனால் நீங்கள் இறங்குவது தீவின் வட முனை என்பதால் மேலே சொன்ன வரிசை முழுவதும் மாறும்: முதல் இரண்டு இரவுகள் யாழ்ப்பாணம், பிறகு திருகோணமலை அல்லது சிகிரியா. ஆனால் மழைக்காலத்தில் இந்தச் சேவை நிறுத்தப்படுவது உண்டு; ஆகவே கப்பல் ஓடுவதை உறுதி செய்துகொண்ட பிறகே அறைக்குப் பணம் கட்டுங்கள். ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும் யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாள்களில் யாழ்ப்பாணத்தில் தங்க நினைப்பவர்கள் கொடியேற்ற நாளைக் கேட்டறிந்து முன்னதாகவே அறை எடுத்துவிட வேண்டும்.