இலைவெட்டி எறும்புகளைக் கவனிப்பது எப்படி?

இலைவெட்டி எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. வெட்டிய இலையை அவை தின்பதில்லை. அதை மென்று கூழாக்கி, புற்றுக்குள் தாங்கள் வளர்க்கும் பூஞ்சைக்கு இடுகின்றன, அந்தப் பூஞ்சையே எறும்புகளின் இளம் பருவமான புழுக்களுக்கு உணவாகிறது. இந்தப் பூஞ்சைத் தோட்டம் நிலத்தடியில் இருப்பதால், உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கொண்டே அதன் நிலையை அறிய வேண்டும். புற்றைத் தோண்டிப் பார்க்கவே கூடாது.

முதலில், சருகு நீக்கிச் சுத்தமாக்கப்பட்ட பாதையைக் கண்டுபிடித்து, இலைத்துண்டு சுமந்து வரும் எறும்புகளுக்கு எதிர்த்திசையில் நடந்தால், வெட்டு நடக்கும் செடியை அடையலாம். பாதையை மிதிக்காமல் ஓரமாக நில்லுங்கள். பெரிய தலை கொண்ட காவல் எறும்புகள் தோலைக் கிழிக்கும் அளவுக்குக் கடிக்கும். உருப்பெருக்குக் கண்ணாடி வழியாக ஒரே ஓர் எறும்பைத் தொடர்ந்து பாருங்கள். பின்னங்கால்களை இலை விளிம்பில் ஊன்றி, கவராயத்தைப் போல உடலைச் சுழற்றியபடி அது வெட்டுவதால்தான் துண்டு பிறை வடிவில் விழுகிறது. தாடைகளில் ஒன்று இலையைப் பற்றி முன்னே நகர, மற்றொன்று அறுக்கிறது. வயதாகித் தாடை மழுங்கிய எறும்புகள் பெரும்பாலும் வெட்டுவதை விட்டுச் சுமக்கும் வேலைக்கு மாறிவிடுகின்றன.

சுமக்கப்படும் துண்டுகளின் மேல் மிகச் சிறிய எறும்புகள் அமர்ந்திருப்பதைத் தவறவிடாதீர்கள். சுமப்பவற்றின் உடலில் முட்டையிட வரும் ஃபோரிட் ஈக்களை அவை விரட்டுகின்றன. இலையின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதும் உண்டு.

நடு உடலின் முதுகில் மூன்று இணை முட்கள் இருந்தால் அது அட்டா பேரினம், நான்கு இணை இருந்தால் அக்ரோமிர்மெக்ஸ். அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகள் பலவற்றின் உடலில் வெண்மையாகப் படிந்திருப்பது பாக்டீரியா. தோட்டத்தைத் தாக்கும் எஸ்கோவோப்சிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சையை ஒடுக்கும் பொருளை அது சுரக்கிறது. என் கணிப்பில், இந்த எறும்புகளிடம் மிகவும் வியப்பூட்டுவது இந்தக் கூட்டணிதான்.

கழிவையும் பாருங்கள். பெரும்பாலான அட்டா இனங்கள் அதை நிலத்தடி அறைகளில் ஒதுக்க, பனாமாவில் வாழும் அட்டா கொலம்பிகா புற்றுக்கு வெளியே குவிக்கிறது என்பதால், தோண்டாமலேயே அதை ஆராய முடியும்.

ஒரே செடியைச் சில நாட்கள் தொடர்ந்து கவனியுங்கள். இலைகள் மீதமிருக்கும்போதே எறும்புகள் அதைக் கைவிட்டால், அந்த இலை பூஞ்சைக்கு ஒவ்வாமல் போயிருக்கலாம். அத்தகைய இலையை அவை பல வாரங்கள் வரை தவிர்க்கின்றன.